52 மணி நேரம்: ஸ்டார் கவுண்டியின் சர்க்கரை வகுப்புகள்

அமெரிக்காவில் வாழும் வயதான ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழி வந்த) மக்களின் நோய்த்தடுப்பு பற்றி வரும் அறிக்கைகளைப் புரட்டினால், முதல் பக்கத்திலேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கும்: இவர்களுக்கு விழிப்புணர்வு போதாது. பரிசோதனைக்கு வருவதில்லை, நாட்டு மருந்தை நம்புகிறார்கள், எல்லாம் கடவுள் விட்ட வழி என்று இருந்துவிடுகிறார்கள். அடுத்து ஸ்பானிய மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் அச்சாகும். அதோடு கடமை முடிந்தது.

இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்க்க, டெக்சாஸின் தென்கோடியில் உள்ள ஸ்டார் கவுண்டி பொருத்தமான இடம். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. 1981 முதல் அங்கே சர்க்கரை நோயைப் பின்தொடர்ந்து ஆய்வு நடக்கிறது. ஒரு கட்டத்தில் அந்த ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களோடு வருடம் முழுக்க உட்கார்ந்து பேசும் வகுப்புகளைத் தொடங்கினார்கள். என்ன பலன் கிடைத்தது என்பதை, தங்களுக்குச் சாதகமில்லாத எண்ணையும் மறைக்காமல், வெளியிட்டார்கள்.

ஊர்

ஸ்டார் கவுண்டி ரியோ கிராண்டே ஆற்றின் வடகரையில் இருக்கிறது. எதிர்க்கரை மெக்சிகோ; பாலத்தைத் தாண்டினால் கமார்கோவும் மிகேல் அலெமானும். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 66,000. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் ஹிஸ்பானிக், ஏறக்குறைய எல்லோரும் மெக்சிகோ வழி வந்தவர்கள். மொத்தமாக இவர்களைக் குடியேறிகள் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க-மெக்சிகோ போரை முடித்த 1848 ஒப்பந்தத்தில் ஆறு எல்லையானபோது இடம் மாறியது எல்லைக்கோடுதான். பல குடும்பங்கள் அதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவை.

நாட்டின் மிக ஏழ்மையான கவுண்டிகளில் இதுவும் ஒன்று. ஊர் எல்லைக்கு வெளியே, குழாய்நீரோ கழிவுநீர் இணைப்போ இல்லாமல் மனை போட்டு விற்கப்பட்ட குடியிருப்புகளுக்கு அங்கே கொலோனியா என்று பெயர். இன்றைய முதியவர்களில் பலர், கோடை வந்தால் குடும்பத்தோடு வடக்கே மிச்சிகன், ஒஹாயோ பக்கம் அறுவடைக் கூலிக்குப் போய்வந்த தலைமுறை. பெரிய மருத்துவமனைகள் வேண்டுமென்றால் மக்காலென் நகரத்துக்குப் போக வேண்டும். காரில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது.

ஹூஸ்டனில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக சுகாதார அறிவியல் மையத்தின் மரபியலாளர் கிரெய்க் ஹானிஸ் இங்கே வந்தது சர்க்கரை நோயின் மரபணு வேர்களைத் தேடி. தேடல் வீண் போகவில்லை. இந்த ஊர்க் குடும்பங்களின் இரத்த மாதிரிகளை வைத்துத்தான் 1996இல் இரண்டாம் குரோமோசோமில் ஒரு பகுதி அடையாளம் காணப்பட்டது. 2000இல் அது கால்பெய்ன்-10 என்ற மரபணு வரை போனது. அறிவியலுக்கு அது முக்கியமான நிகழ்வு. ஆனால் இரத்தம் கொடுத்த கிழவருடைய கால் புண் அதனால் ஆறிவிடாது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் பள்ளியைச் சேர்ந்த ஷாரன் பிரவுன், ஹானிஸோடு சேர்ந்து வகுப்புகளைத் தொடங்கியதைத்தான் இந்தக் கதையின் நல்ல திருப்பமாக நான் பார்க்கிறேன். முதல் சோதனை முயற்சியின் முடிவுகள் 1995இல் வெளிவந்தன. பெரிய அளவிலான ஆய்வு 2002இல்.

வகுப்பு

256 பேர். எல்லோருக்கும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், வயது 35 முதல் 70 வரை. குலுக்கல் முறையில் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஒரு அணிக்கு உடனே வகுப்பு. மற்ற அணி ஒரு வருடம் காத்திருந்து அப்புறம் சேர வேண்டும். அந்த ஒரு வருடத்தில் இரண்டு அணிகளுக்கும் என்ன வித்தியாசம் வருகிறது என்பதுதான் கேள்வி.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒரு வகுப்பு: சாப்பாடு, உடற்பயிற்சி, விரலில் குத்தி வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பது, மருந்து. அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டம். கடைசி மூன்று மாதம் மாதத்துக்கு ஒன்று. 24 மணி நேரம் பாடம், 28 மணி நேரம் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் கூட்டம். மொத்தம் 52. நடத்தியவர்கள் இரு மொழியும் பேசும் மெக்சிகோ வழிச் செவிலியர்கள், உணவியலாளர்கள், ஊர்ப் பணியாளர்கள். இடம் தேவாலயம், பள்ளிக்கூடம், முதியோர் பகல் பராமரிப்பு மையம், வேளாண் விரிவாக்க அலுவலகம் என்று ஜனங்கள் ஏற்கெனவே போய்வரும் இடங்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒன்று, ஒவ்வொருவரும் கூட ஒருவரை அழைத்து வரலாம்: கணவன், மனைவி, மகள், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. அமெரிக்க மருத்துவ முறை நோயாளியைத் தனி ஆளாகப் பார்த்தே பழகியது. இங்கே அந்தக் கணக்கு செல்லாது. அடுப்படி பெரும்பாலும் பாட்டியின் கையில். அவருக்குத்தான் சர்க்கரை. ஆனால் அவர் சமைப்பது மகனுக்கும் மருமகளுக்கும் பேரன் பேத்திகளுக்கும். பன்றிக் கொழுப்பில் வதக்கிய பீன்ஸ், மைதா டார்ட்டியா ரொட்டி, கூடவே ஒரு பாட்டில் சோடா. தனக்கு மட்டும் வேறு சமையல் செய்துகொள்வதை, வீட்டாரை விட்டுவிட்டுத் தன்னைக் கவனித்துக்கொள்வதாகவே இந்தப் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். அறிவுரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வீட்டு வாசலைத் தாண்டாது. மகளும் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் மொத்தக் குடும்பத்தின் சாப்பாடும் மாற வழி இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்த மகள், நோய் வர அதிக வாய்ப்புள்ள இரத்த உறவு. அம்மாவுக்கு வந்த நோயைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லித்தரும் அதே வகுப்பு, மகளுக்கு நோய் வராமல் தடுக்கும் வகுப்பும் ஆகிறது. செலவு ஒன்றுதான்.

இரண்டாவது, பாடத்தைவிடக் கூட்டத்துக்கு நேரம் அதிகம். 24க்கு 28. திட்டம் போடுபவர்கள் காசு பற்றாமல் போனால் முதலில் கத்தரிப்பது இதைத்தான். பாடம் என்றால் கற்பித்தோம் என்று கணக்குக் காட்டலாம். பத்துப் பேர் உட்கார்ந்து, போன வாரம் பேத்தியின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் கேக்கை எப்படித் தட்டிக்கழித்தோம் என்று பேசிக்கொண்டிருந்தால், அதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

எண்கள்

ஆறாம் மாத முடிவில், வகுப்பில் இருந்தவர்களின் எச்பிஏ1சி சராசரி, காத்திருந்த அணியைவிட 1.4 புள்ளி குறைவாக இருந்தது. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் நிலவரத்தைச் சொல்லும் பரிசோதனை, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். 1.4 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு ஒன்றில், ஒரு புள்ளி குறைவுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டன. மாத்திரை ஒன்று இதே அளவு குறைத்திருந்தால் அதற்கு முழுப்பக்க விளம்பரம் வந்திருக்கும்.

இனி சாதகமில்லாத எண். அவ்வளவு குறைந்த பிறகும் வகுப்பில் இருந்தவர்களின் சராசரி 10க்கு மேல். 10 என்பது எந்த மருத்துவரும் திருப்திப்படும் அளவு இல்லை. ஆய்வாளர்கள் இதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த எண் வகுப்பைப் பற்றிச் சொல்வதைவிட, வகுப்புக்கு வருவதற்கு முன்னால் இவர்கள் எவ்வளவு காலம் கவனிப்பார் இல்லாமல் இருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. வாழைப்பழமும் மாம்பழமும் எவ்வளவு சாப்பிடலாம் என்று தெரிந்துகொண்டால் ஓரளவு குறையும். மீதிக்கு மருந்து வேண்டும், மருந்தைக் கூட்டிக் குறைக்க மருத்துவர் வேண்டும், அவரைத் தொடர்ந்து பார்க்கப் பணம் வேண்டும். வகுப்பு அதற்குப் பதிலாக முடியாது.

அடுத்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. 52 மணி நேரம் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது என்று 22 மணி நேரத்துக்குச் சுருக்கிப் பார்த்தார்கள்: 16 மணி பாடம், 6 மணி கூட்டம். பங்கெடுத்தவர்கள் 216 பேர்; ஒரு அணிக்கு 52 மணி நேரம், மற்ற அணிக்கு 22. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு அணிகளிலும் முன்னேற்றம், நீண்ட வகுப்புக்குச் சற்றுக் கூடுதல், ஆனால் புள்ளியியல்படி பெரிய வேறுபாடு இல்லை. சரி, 22 மணி நேரமே போதும் என்று முடிவு கட்டத் தோன்றும். பாதிக்கு மேல் வகுப்புகளுக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. ஒரு வருடத்தில் சுருக்க வகுப்புக்காரர்களுக்கு 0.6 புள்ளி குறைந்திருந்தது. நீண்ட வகுப்புக்காரர்களுக்கு 1.7. விடாமல் வருகிறவர்கள் வேறு வகையிலும் அக்கறையானவர்களாக இருக்கலாம் என்று ஒரு ஆட்சேபம் சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சுருக்க வகுப்புக்கு விடாமல் வந்தவர்களும் அக்கறையானவர்கள்தானே.

பயமும் நம்பிக்கையும்

வகுப்பு நடத்தியவர்கள் எதிர்கொண்டதாகச் சொல்லப்படும் நம்பிக்கைகளில் இரண்டு, மெக்சிகோ வழிச் சமூகங்களில் நடந்த பல ஆய்வுகளிலும் வருபவை. முதலாவது சுஸ்தோ: திடீர் அதிர்ச்சி, பெரும் பயம், நெருங்கியவர் சாவு போன்றவற்றால் சர்க்கரை வரும் என்பது. இரண்டாவது, இன்சுலின் போட்டால் கண் போய்விடும் என்பது.

இரண்டாவதைக் கேட்டதும் படித்தவர்கள் சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இது பார்த்ததை வைத்து வந்த முடிவு. காப்பீடு இல்லாத ஊரில் இன்சுலின் எப்போது தொடங்குகிறது? வருடக்கணக்காக வைத்தியம் இல்லாமல் கிடந்து, விழித்திரை ஏற்கெனவே கெட்டுப்போன பிறகு. மாமாவுக்கு ஊசி போட்டார்கள், ஆறு மாதத்தில் பார்வை போயிற்று. அத்தைக்கும் அப்படியே. நான்கு பேரைப் பார்த்த குடும்பம் வேறு என்ன முடிவுக்கு வரும்? இந்த நம்பிக்கையைத் துண்டுப்பிரசுரத்தில் ‘தவறு’ என்று எழுதி அழிக்க முடியாது. ஊசி முன்னதாகவே போட்டுக்கொண்டு பார்வையோடு இருக்கும் ஒருவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். 28 மணி நேரக் கூட்டம் அதற்குத்தான்.

சுஸ்தோவை மறுத்துச் சண்டை போடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதிர்ச்சியில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றும் என்பது மருத்துவப் பாடத்திலேயே இருக்கிறது. நோபால் கள்ளிமடலைச் சமைத்துச் சாப்பிடுவதும் அப்படித்தான். நார்ச்சத்துள்ள காய், மாத்திரையை நிறுத்தாதவரை யாருக்கும் கெடுதல் இல்லை. டெக்சாஸின் இந்தப் பகுதியில் நாட்டு வைத்தியம் என்றால் 1907இல் இறந்த தோன் பெத்ரீத்தோ ஹரமீயோவின் பெயர்தான் முதலில் வரும். ஃபால்ஃபூரியஸ் அருகே அவருடைய சமாதிக்கு இன்றும் மெழுகுவத்தி ஏற்ற வருகிறார்கள். அவரிடம் போனவர்கள் மருத்துவரை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் போகவில்லை, பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள்.

கோவிட் கொடுத்த சாட்சி

2020 ஜூலையில் ஸ்டார் கவுண்டி உலகச் செய்தி ஆனது. கவுண்டியின் ஒரே மருத்துவமனை நிரம்பி வழிந்தது. பிழைக்க வாய்ப்பில்லாத நோயாளிகளை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்க மருத்துவர் குழு அமைக்கப் போவதாக அதிகாரிகள் அறிவித்தார்கள். சர்க்கரை, உடல் பருமன், மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ், வீட்டிலிருந்தபடி செய்ய முடியாத வேலைகள்: எல்லாம் ஒரே நேரத்தில் கணக்குக் கேட்டன.

நாடு முழுக்கவும் இதே கதைதான். அமெரிக்க ஹிஸ்பானிக் மக்களின் சராசரி ஆயுள் 2019இல் 81.9 வருடம், வெள்ளையரைவிட மூன்று வருடம் அதிகம். வறுமை அதிகம், காப்பீடு குறைவு, ஆனாலும் ஆயுள் கூடுதல். ஆய்வாளர்கள் கிரியாக்கோஸ் மார்க்கிடிஸும் ஜானீன் கோரிலும் 1986இல் சுட்டிக்காட்டிய அந்த முரணைத்தான் ஹிஸ்பானிக் முரண்பாடு என்கிறார்கள். 2020 ஒரே வருடத்தில் அந்தச் சராசரி ஆயுள் 77.9க்கு இறங்கியது. நான்கு வருடம் போயிற்று. முரண்பாட்டைக் காட்டி, இவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று சொல்வோருக்கு மார்க்கிடிஸின் குழுவே முன்பே பதில் சொல்லியிருந்தது. 1993இல் தொடங்கி, ஐந்து தென்மேற்கு மாநிலங்களில் 65 வயது தாண்டிய 3,050 மெக்சிகோ வழி முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. நீண்ட காலம் வாழ்கிறார்கள். அதில் பல வருடங்கள் பிறர் உதவியின்றி நடக்கவோ குளிக்கவோ முடியாமல் கழிகின்றன.

ஆனால் நான் சாட்சி என்றது அடுத்து நடந்ததை. தடுப்பூசி வந்தது. இலவசம். காப்பீட்டு அட்டை தேவையில்லை, குடியுரிமை பற்றிக் கேள்வியில்லை, ஊருக்குள்ளேயே போட்டார்கள். எல்லாம் விதி என்று கிடப்பதாகச் சொல்லப்பட்ட இதே மக்கள் வரிசையில் நின்றார்கள். ஸ்டார் உள்ளிட்ட எல்லையோரக் கவுண்டிகளின் தடுப்பூசி விகிதம் மாநில சராசரியை வெகுவாகத் தாண்டியது. டெக்சாஸின் மிக உயர்ந்த விகிதங்கள் ஆற்றோரத்தில்தான் பதிவாயின. கண்ணெதிரே அத்தனை சாவைப் பார்த்த பயமும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் விதியை நம்புகிறவர்கள் என்ற விளக்கம் அதற்குப் பிறகு என்னிடம் எடுபடவில்லை.

சோதனைச் சாவடி

விழிப்புணர்வுப் பட்டியல்களில் வராத தடைகள் சில இருக்கின்றன. ஸ்டார் கவுண்டி அடங்கிய ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உள்ளன. ஃபால்ஃபூரியஸுக்குத் தெற்கே ஒன்று, சாரிட்டாவில் ஒன்று. முப்பது வருடமாக ஆவணம் இல்லாமல் வாழும் அறுபது வயதுக்காரர், சான் அன்டோனியோவில் உள்ள சிறப்பு மருத்துவரிடம் போக இதைத் தாண்ட வேண்டும். ஆற்றைத் தாண்டி மெக்சிகோவில் மலிவாக வைத்தியம் பார்க்கலாம் என்றால் திரும்பி வர முடியாது. காகிதம் உள்ளவர்களுக்கு அந்த வழி உண்டு. மாத்திரையும் பல் வைத்தியமும் அக்கரையில் முடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ஒரே வீட்டில் குடியுரிமை உள்ளவரும் இல்லாதவரும் சேர்ந்திருப்பது அங்கே சாதாரணம். 2020இல், அரசு உதவி பெறுவோருக்கு நிரந்தர வதிவிடம் மறுக்கப்படலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தபோது, அந்த விதிக்குள் வராதவர்களும் பயந்து உதவிகளை விட்டார்கள். 2021இல் விதி விலக்கப்பட்டது. பயம் அவ்வளவு வேகமாக விலகாது.

இன்னொரு தடை வயது. டெக்சாஸ், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்ட் திட்டத்தை விரிவுபடுத்தாத மாநிலம். ஐம்பதுகளில் இருக்கும் ஏழைக் கூலித்தொழிலாளிக்குப் பெரும்பாலும் காப்பீடே இல்லை. 65இல், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வருகிறது. அதிலும் மருத்துவமனைப் பகுதி இலவசமாகக் கிடைக்க, தானோ துணையோ பத்து வருடம் வரி கட்டிய வேலைப்பதிவு வேண்டும். கூலியைக் கையில் வாங்கிய வயல் வேலைகளில் அந்தப் பதிவு விடுபட்டிருக்கலாம். எப்படியோ மெடிகேர் கிடைத்ததும் வருடாந்திரப் பரிசோதனை, சர்க்கரைப் பரிசோதனை, மார்பகப் பரிசோதனை, தடுப்பூசிகள் எல்லாம் திறக்கின்றன. 2023 முதல் இன்சுலினுக்கு மாதம் 35 டாலர் உச்சவரம்பும் உண்டு. தடுப்புக்கு மிகவும் பயன்பட்டிருக்கக்கூடிய 45 முதல் 65 வரையான இருபது வருடம் அதற்குள் போய்விடுகிறது. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை 45இலேயே தொடங்கச் சொல்லும் நாட்டில் இது நடக்கிறது.

பத்து மணி நேரம்

ஸ்டார் கவுண்டி முடிவுகளைப் படித்துவிட்டு மெடிகேர் விதியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சர்க்கரை நோய்க் கல்விக்கு மெடிகேர் முதல் வருடம் அதிகபட்சம் 10 மணி நேரத்துக்குப் பணம் கொடுக்கிறது. அடுத்தடுத்த வருடங்களில் 2 மணி. அதிலும் ஒரு பங்கை நோயாளி கட்ட வேண்டும். 22 மணி நேரச் சுருக்க வகுப்பின் பாதிகூட இல்லை. நோய் வருமுன் காக்கும் மெடிகேர் வகுப்புகள் 2018இல் தொடங்கின. நாடு முழுக்கவே அவற்றில் சேர்ந்தவர்கள் மிகச் சிலர்.

டெக்சாஸில் இதற்கு ஆள் இல்லாமல் இல்லை. ப்ரொமோத்தோரா எனப்படும் ஊர் சுகாதாரப் பணியாளர்களுக்கு 1999இலேயே சட்டம் போட்ட மாநிலம் அது. கொலோனியாவில் வசித்து, வீடு வீடாகப் போய்ப் பேசும் பெண்கள்தான் இவர்களில் அதிகம். இவர்களுக்கான சம்பளம் பெரும்பாலும் ஏதாவது ஒரு நிதியுதவியிலிருந்து வருகிறது; நிதி முடிந்தால் வேலையும் முடிகிறது. இடத்துக்கும் குறையில்லை. பள்ளத்தாக்கு முழுக்க முதியோர் பகல் பராமரிப்பு மையங்கள் நிறைய. காலையில் வண்டி வந்து அழைத்துப்போகும், மதியச் சாப்பாடு உண்டு, சீட்டு விளையாட்டு உண்டு. 52 மணி நேரத்தை எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான். முதியவர்கள் ஏற்கெனவே வாரம் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. ஆய்வின் வயது வரம்பு 70. அதற்கு மேலானவர்களுக்கு இதே வகுப்பை அப்படியே தூக்கிக் கொடுப்பது சரியாக இருக்காது. எண்பது வயதில், சிறுநீரகம் தளர்ந்து, ஞாபகமும் தவறத் தொடங்கியவருக்குச் சர்க்கரை கூடுவதைவிடத் திடீரென்று இறங்குவது ஆபத்து. இரவில் தலைசுற்றி விழுந்து இடுப்பு முறிந்தால் அப்புறம் எழுந்து நடப்பது அரிது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே ஆரோக்கியமான முதியவருக்கு எச்பிஏ1சி 7 முதல் 7.5க்குள் என்றும், பல நோய்கள் உள்ளவருக்கு 8க்குள் போதும் என்றும் இலக்கைத் தளர்த்துகிறது. அந்த வயதுக்காரர்களின் வகுப்பில் முதல் பாடம் டார்ட்டியா எண்ணிக்கை இல்லை. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே அரை டம்ளர் பழச்சாறு கொடுக்க வேண்டும் என்பதுதான். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் அவரைவிட, கூட வந்திருக்கும் மகளோ மருமகளோதான்.